அறிவும் மௌனமும்: மினமாட்டா எழுப்பும் ஓர் அறவியல் வினா

தீங்கு செய்தவனைக் குற்றவாளி என்று தீர்த்துவிடுதல் எளிது. தீங்கு நிகழ்வதை அறிந்தும் வாளாவிருந்தவனை எவ்வகையிற் சேர்ப்பது என்ற வினாவுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. அவன் எவரையும் தாக்கவில்லை, எவர் பொருளையும் கவரவில்லை, பொய்யும் உரைக்கவில்லை. சொல்லாதிருந்தமை ஒன்றே அவன் செய்தது. சொல்லாமை ஒரு செயலா? செயலாயின் அதன் விளைவுக்குப் பொறுப்பாளர் யார்? ஒழுக்கவியலாளர் நெடுங்காலமாக வினவிவரும் இவ்வினாக்கள் கைத்தொழில் யுகத்திலே புதியதொரு கூர்மையைப் பெற்றுள்ளன. அயலான் கூரையிற் பற்றிய தீயை ஊரார் அனைவரும் கண்ணாற் காண்பர். ஆயின், பல்லாயிரவர் உண்ணும் உணவிற் கலந்த நஞ்சை ஆய்வுகூடத்தில் இருக்கும் ஒருவரோ இருவரோ மாத்திரமே அறிதல் கூடும். அறிவு ஒரு சிலரிடம் ஒதுங்கும்போது அவர்தம் மௌனத்துக்குப் பலரின் உயிர் விலையாகிவிடுகின்றது. யப்பானின் மினமாட்டா என்னும் கடற்கரைப் பட்டினத்தில் நிகழ்ந்தவற்றை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

மினமாட்டா, கியூசு தீவிலே குமமொட்டோ மாநிலத்தில், சிரானுயிக் கடலை நோக்கி அமைந்தது. மீன்பிடியும் உப்பு விளைவித்தலும் அங்கு பண்டைத் தொழில்கள். 1908இல் அங்கு இரசாயனத் தொழிற்சாலையொன்று நிறுவப்பட்டது. பிற்காலத்திற் சிஸ்ஸோ என்ற பெயரால் உலகறிந்த அந்நிறுவனம், 1932 முதல் அசற்றல்டிகைட்டு என்னும் சேர்வையை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அவ்வுற்பத்தியில் இரசச் சல்பேற்று ஊக்கியாகப் பயன்பட்டது. தாக்கத்தின்போது இரசத்தின் ஒரு சிறு பகுதி மெதைல் இரசம் என்னும் சேதனச் சேர்வையாக மாறிக் கழிவுநீருடன் குடாவை அடைந்தது. வேலையும் வரியும் வருவாயும் தொழிற்சாலையிலிருந்தே வந்தமையால் பட்டினமும் ஆலையும் வேறுவேறன்று எனும் நிலை காலப்போக்கில் உருவாயிற்று. இந்நிலையே பின்னர் நிகழ்ந்த மௌனங்களுக்கெல்லாம் விளைநிலமாய் அமைந்தது.

இரசம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. சித்த மருத்துவ நூல்கள் அதனை மருந்துப் பொருளாகக் கொண்டபோதும், சுத்தி செய்யாது வழங்கலாகாது என்று விதித்துள்ளன. அறை வெப்பநிலையில் திரவமாய் இருப்பதும் நீரினும் ஏறக்குறைய 13.6 மடங்கு அடர்த்தி உடையதுமான இவ்வுலோகம், தன் வடிவத்துக்கேற்ப வெவ்வேறு வகையில் தீங்கு செய்வது. ஆவியாகச் சுவாசிக்கப்படும் இரசம் நரம்புத் தொகுதியையும், அசேதன உப்பாக உட்சென்றது பெரும்பாலும் சிறுநீரகத்தையும் தாக்கும். மெதைல் இரசமோ உணவுடன் சென்று ஏறத்தாழ முழுமையாகக் குருதியை அடைந்து, மூளையின் காப்பரண்களையும் கடந்துவிடுகின்றது. உடலிற் சேர்ந்ததிற் பாதி வெளியேறுவதற்கு இரு மாதங்களுக்கு மேற் செல்லலாம். நீரில் அளப்பதற்கு அரிய சிற்றளவாய்க் காணப்படுவது, நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லுந்தோறும் பன்மடங்காகத் திரள்கின்றது. கடல் தெளிவாகவே தோன்றும். மீனின் நிறமோ சுவையோ மாறுவதில்லை. புலன்களால் அறியவியலாத ஒரு தீங்கைப் பற்றி எச்சரிக்கை பெறுவதற்கு அதனை உண்பவனுக்கு இருக்கும் ஒரே வழி, அறிந்தவர் வாய்திறத்தலாகும். இவ்வுண்மையிலிருந்தே இங்கு எழும் அறவியல் வினா முளைக்கின்றது.

1950களின் முற்பகுதியிற் கரையோரக் கிராமங்களிற் பூனைகள் தள்ளாடிச் சுழன்று மடிந்தன. மீனைத் தின்னும் பறவைகள் வீழ்ந்தன. 1956 ஏப்பிரிலில், நடக்கவும் பேசவும் இடர்ப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளின் இளைய சகோதரிக்கும் அதே குறிகள் தோன்றின. வைத்தியசாலையின் தலைவராயிருந்த ஹொசொகாவா ஹஜிமே, காரணம் அறியப்படாத நரம்பு நோயொன்று பரவுவதாக அவ்வாண்டு மே 1ஆந் திகதி சுகாதார நிலையத்துக்கு அறிவிக்கச் செய்தார். அந்நாளே மினமாட்டா நோய் உத்தியோகபூர்வமாக வெளிப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகின்றது. முதலில் இது தொற்றுநோய் என ஐயுற்று நோயாளரின் வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளித்தனர். அயலார் அவர்களை விலக்கினர். கைகால்களும் உதடும் மரத்தல், பார்வைப் புலம் குறுகல், செவிப்புலன் குன்றல், பேச்சுக் குழறல், நடை தடுமாறல் என்பவற்றோடு சமூகத்தின் ஒதுக்கலும் அந்நோயின் ஒரு குறியாயிற்று.

அவ்வாண்டு நவம்பரிலேயே குமமொட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர், இது தொற்றன்று, குடாவின் மீனையும் சிப்பியையும் உண்டதால் நேர்ந்த பாரவுலோக நஞ்சு என்று கருதினர். எவ்வுலோகம் என்பதே எஞ்சிய வினா. மங்கனீசு, செலீனியம், தாலியம் என ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, 1959 யூலையிற் சேதன இரசமே காரணம் என்ற முடிவை அவர்கள் வெளியிட்டனர். நோயாளியொருவரின் தலைமயிரிற் பத்து இலட்சத்தில் 705 பங்கு இரசம் காணப்பட்டது. பிற இடத்தாரின் மயிரில் அது ஏறத்தாழ 4 பங்கு மாத்திரமே. நிறுவனமோ இம்முடிவை மறுத்தது. போர்க்காலத்திற் கடலில் எறியப்பட்ட வெடிமருந்தே காரணம் என்றும், பழுதடைந்த மீனில் உண்டாகும் நச்சே காரணம் என்றும் வேறு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. அறிவுத்துறையிற் கருத்து வேற்றுமை இயல்பானதே. ஆயின், வேற்றுமையை உண்டாக்கி அதன் நிழலிற் காலங்கடத்துதல் ஆராய்ச்சி எனும் பெயருக்கு உரியதன்று.

இக்காலத்தில் ஹொசொகாவா தாமே ஒரு சோதனையை நடத்தினார். 1959 யூலை தொட்டு, அசற்றல்டிகைட்டுப் பிரிவின் கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். சோதனைப் பதிவில் அது 400ஆம் இலக்கப் பூனை. ஒக்டோபரில் அதற்கு வலிப்பும் தள்ளாட்டமும் கண்டன. குடாவின் மீன் நஞ்சுடையது என்பது ஏலவே தெரிந்த செய்தி. கழிவுநீரே அந்நோயை உண்டாக்கும் என்பதற்கு நேரடிச் சான்று அன்று அவர் கைக்கு வந்தது. நிறுவனத்தார் அதனை அறிந்தனர். மேலும் அவ்வாறான சோதனைகள் நடத்தப்படுவதைத் தடுத்தனர். முடிவு வெளியுலகுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஹொசொகாவாவும் அப்போது அதனை வெளியிட்டாரில்லை.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்தவை இம்மௌனத்தின் விலையைக் காட்டுவன. நவம்பரில், சேதன இரசமே காரணம் என்று சுகாதார அமைச்சுக்கு அறிக்கை அளித்த நிபுணர் குழு மறுநாளே கலைக்கப்பட்டது. திசெம்பரிற் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறியொன்று விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. சேதன இரசத்தை நீக்கும் வல்லமை அதற்கு இருக்கவில்லை. அம்மாத இறுதியில் நோயாளருடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. நட்டஈடு என்ற சொல்லைத் தவிர்த்து, 'அனுதாபப் பணம்' என்ற பெயரில் இறந்தோர் ஒருவருக்கு 3 இலட்சம் யென் வழங்கப்பட்டது. ஆலைக்கழிவே நோய்க்குக் காரணம் எனப் பின்னர் நிறுவப்படினும் புதிதாக எதனையும் கோரலாகாது என்பது அதில் ஒரு நிபந்தனை. பூனையின் முடிவை அறிந்த ஒரு தரப்பு, அதனை அறியாத மறுதரப்பிடம் கையொப்பம் பெற்றது. உண்மை தெரியாதவனின் சம்மதம் சம்மதம் ஆகுமா? வறுமையில் உழன்று, ஆண்டிறுதியில் வீட்டில் அரிசியின்றி இருந்தவரின் கையொப்பம் சுதந்திரமான தெரிவு ஆகுமா? ஒப்பந்தம் என்ற வடிவம் பேணப்பட்டது. அதற்கு உயிரளிக்கும் நேர்மை அங்கில்லை.

இனி, மௌனத்துக்கு ஆதரவாகக் கூறத்தக்க நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும். அவற்றுள் வலிமை மிக்கது உறுதியின்மை பற்றிய நியாயமாகும். ஒரு பூனையைக் கொண்டு ஒரு முடிவை நிறுவலாகாது. சோதனை மீளமீளச் செய்யப்பட வேண்டும். ஐயத்தைப் பேணுவதே விஞ்ஞானியின் ஒழுக்கம். இந்நியாயம் ஆய்வுகூடத்தினுள்ளே முற்றிலும் சரியானது. ஆயின், 'இதனை உண்மையென ஏற்கலாமா?' என்ற வினாவும், 'இதனை முன்னிட்டு யாது செய்ய வேண்டும்?' என்ற வினாவும் வேறானவை. முன்னதற்கு ஒரு பூனை போதாது. பின்னதற்கு ஒரு பூனையே மிகை. பாலம் உடைந்திருக்கலாம் என்று கேள்வியுற்றவன், உடைவை அளந்து உறுதி செய்யும்வரை வண்டிகளைச் செல்லவிடுதல் அறிவுடைமையாகாது. தவறான எச்சரிக்கையால் நேரும் இழப்பைப் பின்னர் ஈடு செய்யலாம். தவறான மௌனத்தால் நேரும் இழப்போ மீளாதது. இவ்விரு பிழைகளையும் ஒரே தராசில் ஒரே நிறையுடையனவாக வைத்தல் நடுநிலை போலத் தோன்றும் பக்கச்சார்பாகும்.

உறுதியைக் கோருவோர் அதனை யார் செலவிற் கோருகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. 1957இல், உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி குடாவின் மீனைத் தடை செய்யலாமா என்று மாநில நிருவாகம் வினவியபோது, அங்குள்ள மீன், சிப்பி யாவும் நஞ்சுடையன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லையாதலால் அச்சட்டத்தைப் பிரயோகித்தல் இயலாது என்று மத்திய அமைச்சு விடையளித்தது. 'யாவும்' என்ற ஒரு சொல்லிற் பல உயிர்கள் தங்கியிருந்தன. 1958 செத்தெம்பரில் நிறுவனம் கழிவு வாய்க்காலைக் குடாவிலிருந்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. மறு ஆண்டிற் புதிய கரைகளிலும் நோய் தோன்றியது. எவரும் திட்டமிடாமலே மனிதர் மீது ஒரு சோதனை நிகழ்ந்து முடிந்தது. காரணம் முற்றாக நிறுவப்படும்வரை செயற்பட வேண்டியதில்லை என்ற வாதம், அயலில் வாழ்வோரைச் சோதனைப் பிராணிகளாகக் கொள்ளும் வாதமே என்பதை இது புலப்படுத்துகின்றது.

இரண்டாவது நியாயம் விசுவாசம் பற்றியது. ஊதியம் தரும் நிறுவனத்தின் இரகசியத்தைப் பேணுதல் ஊழியனின் கடமை எனப்படும். விசுவாசம் ஒரு நற்பண்பே. எனினும், ஒருவர் தமக்குரியதை விட்டுக்கொடுத்து விசுவாசம் காட்டலாமேயன்றிப் பிறருடைய உயிரை அதற்கு ஈடாகக் கொடுத்தல் இயலாது. நோயாளிக்கு வைத்தியர் கொண்டுள்ள கடப்பாடு, அவர் ஊதியப் பத்திரத்திற் கையொப்பமிடுவதற்கு முன்னரே தோன்றியது. அப்பத்திரத்தால் அது மாய்வதில்லை.

மூன்றாவது நியாயம் பெரும்பான்மையோரின் நன்மை பற்றியது. போரினால் நலிந்த நாடு எழுச்சி பெறுவதற்கு இரசாயனக் கைத்தொழில் இன்றியமையாததாயிருந்தது. ஆலை நின்றாற் பட்டினமே அழியும் என்று கூறப்பட்டது. 1959 நவம்பரிற் கழிவுநீரை நிறுத்த வேண்டாம் என்று மாநில ஆளுநரை வேண்டியவர்களுள் நகர முதல்வரும் வணிகரும் மாத்திரமன்றித் தொழிற்சங்கத்தினரும் இருந்தனர். பலரின் நன்மைக்காகச் சிலர் துன்புறுதல் தகும் என்ற பயன்பாட்டுவாதக் கணக்கில் ஒரு குறை உண்டு. கணக்கை இடுபவர் என்றும் பலரின் பக்கத்திலேயே இருக்கின்றனர். மீனவர் தம் துன்பத்தைத் தாமே தெரிந்தெடுத்திருப்பின் அது தியாகம். அவரை அறியாமலே பிறர் அவரை அளித்தமையால் அது பலியாகும். தம் தட்டில் மீனில்லாதவர் மீனின் நஞ்சைப் பற்றிப் பொறுமை போதித்தல் எளிது.

இக்கணக்கில் எண்ணப்படாதோரும் இருந்தனர். தாயின் சூல்வித்தகம் கருவை நஞ்சிலிருந்து காக்கும் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. மினமாட்டாவில் மீனையே உண்டறியாத குழந்தைகள் நோயோடு பிறந்தன. ஹராடா மசசுமி முதலிய வைத்தியர்களின் உழைப்பால், 1962இல் அவை கருவிலேயே நஞ்சூட்டப்பட்டவை என்பது ஏற்கப்பட்டது. யப்பானியத் தாய்மார் குழந்தையின் கொப்பூழ்க்கொடியை உலர்த்திப் பேழையில் வைத்துப் பேணும் வழக்கமுடையவர். அன்பின் அடையாளமாகப் பேணிய அக்கொடிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது அவற்றில் மெதைல் இரசம் காணப்பட்டது. சேயின் உடலிலே நஞ்சு செறிந்தமையால் தாயின் நோய் குறைவாகத் தோன்றியதும் உண்டு. இத்தகைய துயரை எந்தக் கணக்கின் எந்த நிரலில் எழுதுவது?

நான்காவதாக, பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டிருந்தது என்பர். பொறியியலாளர் பொறியை இயக்கினார், முகாமையாளர் கட்டளையிட்டார், அதிகாரி கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்பினார், பேராசிரியர் மாற்றுக் கொள்கை கூறினார், நகரத்தார் முகத்தைத் திருப்பினர். எவரும் கொலை செய்யவில்லை. ஆயினும் மாந்தர் மாண்டனர். பொறுப்பைப் பகுத்தால் அது குறைந்துவிடும் என்று எண்ணுதல் பொருட்களின் இயல்பை அறத்துக்கு ஏற்றுவதால் விளையும் மயக்கமாகும். அப்பத்தைப் பலர் பகிர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் சிறுக்கும். குற்றமோ அவ்வாறன்றி, தடுக்க வல்லவராயிருந்த ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே நிற்கும்.

மௌனத்தின் விளைவு மினமாட்டாவோடு நிற்கவில்லை. 1965இல் நிகாட்டா மாநிலத்தின் அகானோ ஆற்றோரத்தில், வேறொரு நிறுவனத்தின் இதேவகை ஆலையினால் இதே நோய் தோன்றியது. 1959இல் உண்மை வெளிப்பட்டு ஏனைய ஆலைகளும் கட்டுப்படுத்தப்பட்டிருப்பின் அந்நோயாளரிற் பலர் நலமாக வாழ்ந்திருத்தல் கூடும். சிஸ்ஸோ அவ்வுற்பத்தி முறையை 1968 மே மாதத்திலேயே கைவிட்டது. ஆலைக்கழிவே காரணம் என்பதை அரசாங்கம் அவ்வாண்டு செத்தெம்பரிலே ஏற்றது. நோய் வெளிப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்காலத்திலே தொழிற்சங்கம் ஒன்று, நோயாளருக்காக இதுவரை தாம் யாதும் செய்யாதிருந்தமை வெட்கத்துக்குரியது என்று பகிரங்கமாகத் தீர்மானித்தது. ஒரு சமூகம் தன் மௌனத்தைத் தானே குற்றமென உணர்ந்து உரைத்தமை அரிதான நிகழ்ச்சியாகும்.

நோயாளர் 1969இல் வழக்குத் தொடுத்தனர். 1970 யூலையில், புற்றுநோயால் வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்த ஹொசொகாவா, 400ஆம் இலக்கப் பூனையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். 1973 மார்ச்சில் குமமொட்டோ நீதிமன்றம் நிறுவனத்தின் கவனயீனத்தை உறுதி செய்து, அனுதாபப் பண உடன்படிக்கை பொது ஒழுக்கத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2004இல் உச்ச நீதிமன்றம், கழிவைத் தடுக்கும் அதிகாரமிருந்தும் தடுக்கத் தவறியமைக்கு அரசும் மாநில நிருவாகமும் பொறுப்புடையன என்று தீர்த்தது. செய்யாமையும் ஒரு செயலே என்பதைச் சட்டமும் இறுதியில் ஏற்றது எனலாம்.

ஹொசொகாவாவை எவ்வாறு மதிப்பிடுவது? நோயை முதலில் அறிவித்தவர் அவர். காரணத்தைத் தேடியவர் அவர். கண்டபின் வாய்மூடியவரும் அவர். மரணத்தறுவாயில் வாய்திறந்தவரும் அவரே. அவரைக் கொடியவர் என்பார் அவரின் உழைப்பை மறந்தவராவர். அவரைச் சான்றோர் என்று மாத்திரம் புகழ்வார், 1959க்கும் 1970க்கும் இடையிற் பிறந்த குழந்தைகளை மறந்தவராவர். நல்லவர் ஒருவரே இவ்வாறு மௌனிக்க நேர்ந்தமையாலேதான் இந்நிகழ்ச்சி அனைவருக்கும் பொருந்தும் பாடமாகின்றது. தீயவரின் மௌனத்தை அறவியல் ஆராய வேண்டியதில்லை. மனச்சாட்சி உடையவர், காரணங்களும் உடையவராய், நாளை சொல்வோம் என்று இருந்துவிடும் மௌனமே ஆராய்ச்சிக்கு உரியது. காலந்தாழ்ந்து சொல்லப்பட்ட உண்மை நீதிக்கு உதவியது, உயிருக்கு உதவவில்லை.

சொல்லுதல் என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். 1971-72ஆம் ஆண்டுகளில் ஈராக்கில், விதைப்பதற்கென இறக்குமதி செய்யப்பட்ட தானியத்தை நாட்டுப்புற மக்கள் அரைத்து உண்டனர். பூஞ்சணத்தைத் தடுக்க அதில் மெதைல் இரசம் பூசப்பட்டிருந்தது. அரசாங்கக் கணக்கின்படி 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டு, அவர்களுள் 459 பேர் இறந்தனர். மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது; ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. உண்பவர் அறியாத மொழியிற் சொல்லப்பட்ட உண்மை அவர்க்கு மௌனத்தின் மற்றொரு வடிவமேயாகும். விஞ்ஞான அறிவைத் தாய்மொழியிற் பரப்புதல் மொழிப்பற்றினால் மாத்திரம் ஆற்றப்படும் பணி என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைச்சொல் ஒன்றை ஆக்குவதும், நச்சுப் பொருளொன்றின் இயல்பை மீனவனுக்கும் கமக்காரனுக்கும் விளங்க எழுதுவதும், சிலவேளைகளில் உயிர்காக்கும் தொழிலாகிவிடுகின்றன.

மினமாட்டாவின் பெயராலே இரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வினா முடிந்துவிடவில்லை. தென் அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வறியோர் வெறுங்கையால் இரசத்தைக் கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்து, அதனைச் சுடும் புகையைச் சுவாசிக்கின்றனர். மனிதச் செயல்களால் வளிமண்டலத்திற் சேரும் இரசத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இத்தொழிலிலிருந்தே எழுவதாக 2018ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் மதிப்பீடு காட்டியது. தமிழ்நாட்டின் கொடைக்கானலில், 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையொன்று, இரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு பழம்பொருட் கடையிற் கண்டெடுக்கப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. அங்கு பணியாற்றிய 591 பேருடன் உடன்பாடு காணப்பட்டது 2016இலேயே. ஓரிடத்தில் வேண்டாதது மற்றோரிடத்துக்குச் செல்லும்போது, அதனைப் பற்றிய அறிவும் உடன் செல்கின்றதா என்று எவர் வினவினார்?

பல்கலைக்கழகம் என்பது அறிவு ஒதுங்கும் இடங்களுள் ஒன்று. குமமொட்டோவின் ஆய்வாளர், உலோகத்தின் பெயரைத் தேடி மூன்றாண்டு உழைத்ததோடு, நிறுவனம் மறுத்தபோதும் தம் முடிவினைக் கூறினர். அது அவர்க்குப் பெருமை. அவர்களிடம் இல்லாத ஒரு சான்று வேறோர் ஆய்வுகூடத்திற் பூட்டப்பட்டிருந்தது என்பதே அவ்வரலாற்றின் அவலம். தாக்கத்தின் பொறிமுறையை அறிந்தவன் அதனைப் பரீட்சைத் தாளில் எழுதியதோடு தன் கடன் தீர்ந்தது என்று கருதலாகாது. அவன் கற்றதற்கு அவ்வறிவின்றி உண்பவரும் உழைப்பவரும் செலவளித்துள்ளனர். ஐயம் எஞ்சியிருப்பின் ஐயத்தோடே சொல்லலாம். தவறெனக் காணப்படிற் பின்னர் திருத்திக்கொள்ளலாம். தட்டிலிருக்கும் மீனைப் பற்றி உண்பவன் அறியாத ஒன்றை மற்றொருவன் அறிந்திருந்தால், அக்கணமே அவன் அவ்வுணவுக்குப் பொறுப்பாளனாகின்றான்.